யார் கதவைத் திறந்தார்கள்? இந்தியப் போலீஸ் பற்றிய ஆய்வுகளை வரிசையாக வாசித்தபோது

போலீஸ் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளை நம்ம ஊரில் பார்ப்பது கஷ்டம். டீக்கடையில் தொடங்கி டிவி விவாதம் வரைக்கும் ஆளுக்கொரு கருத்து இருக்கு. ஆனால் கல்விப்புல ஆய்வு என்று தேடிப் போனால் நிலைமை வேறு. 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல் எழுப்பப்பட்ட இவ்வளவு பெரிய அமைப்பைப் பற்றிய முக்கியமான நூல்களை அலமாரியின் ஒரே தட்டில் அடுக்கிவிடலாம். அவையும் பெரும்பாலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்தவை.

இந்தக் குறிப்பு அந்த நூல்களின் பட்டியல் கிடையாது. அவற்றை ஆண்டு வரிசையில் வைத்து வாசித்தபோது தென்பட்ட ஒரு சிக்கலைப் பற்றியது. போலீஸைப் பற்றி ஒவ்வொரு காலத்திலும் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பதைத் தீர்மானித்தது கோட்பாடு மட்டும் இல்லை. ஆய்வாளருக்கு எந்தக் கதவு திறந்தது என்பதும் சேர்ந்துதான். அரசு கேட்டால் விசாரணைக் கமிஷன். ஆவணக்காப்பகம் திறந்தால் வரலாறு. டி.ஜி.பி. ஒப்புக்கொண்டால் களப் பரிசோதனை. லாக்கப் கதவை மட்டும் ஆய்வாளருக்காக யாரும் திறப்பதில்லை. அதனால், போலீஸ் அதிகாரம் ஒரு மனித உடம்பைத் தொடுகிற அந்த இடம், இந்த மொத்தப் புலத்திலும் மங்கலாகவே இருக்கு. என் விமர்சனம் இவ்வளவுதான். இதை விரித்துச் சொல்கிறேன்.

கமிஷன்களின் காலம்

பல்கலைக்கழகங்கள் இந்தப் பக்கம் திரும்புவதற்கு ரொம்ப முன்னாடியே அரசு இதைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டது. 1854 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சென்னை மாகாணத்துச் சித்திரவதை பற்றிப் பேச்சு எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட குழு போடப்பட்டு, 1855 இல் அதன் அறிக்கை வந்தது. வரி வசூலும் போலீஸ் வேலையும் அன்று ஒரே ஆட்களின் கையில் இருந்தன. தாசில்தாரின் சேவகர்கள்தான் கிஸ்தி பாக்கிக்காகவும் அடித்தார்கள், திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் அடித்தார்கள். விரல்களை இடுக்கி நெரிக்கும் 'கிட்டி' என்ற நம்முடைய சொல் அந்த ஆங்கில அறிக்கைக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது.

இந்த அறிக்கையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். ஒன்று, அடிபட்டவர்கள் நூற்றுக்கணக்கில் நேரில் வந்து சொன்னார்கள், மனுவும் எழுதினார்கள். பின்னால் வந்த எந்தக் கல்விப்புல நூலிலும் இந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலம் கிடையாது. இரண்டு, அவ்வளவையும் கேட்டுவிட்டுக் குழு எடுத்த முடிவு: குற்றம் கீழ்நிலை இந்தியச் சிப்பந்திகளுடையது, வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை. சாட்சியம் கீழேயிருந்து வந்தது, தீர்ப்பு மேலேயிருந்து எழுதப்பட்டது.

அதற்கு மருந்தாகத்தான் வருவாய்த்துறையிலிருந்து போலீஸைப் பிரித்து 1859 இல் சென்னைக்குத் தனிச் சட்டம் வந்தது. இரண்டு வருஷத்தில் இந்தியாவுக்கான 1861 சட்டம். பிறகு, ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையிலான 1902-03 போலீஸ் கமிஷன், இந்தப் புதுப் போலீஸும் ஊழலும் ஒடுக்குமுறையும் நிறைந்ததாக இருக்கிறது என்று எழுதியது. காரணங்களாகச் சொன்னது குறைந்த சம்பளம், தகுதியில்லாத ஆட்கள், போதாத பயிற்சி, பலவீனமான மேற்பார்வை. இந்த நான்கையும் இன்றைய ஒரு சீர்திருத்த அறிக்கையில் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

1977 இல் அமைந்த தேசிய போலீஸ் கமிஷன் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அவசரநிலையின் சூடு ஆறாத நேரம். 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் கொடுத்தது. நடந்த கைதுகளில் 60 சதவீதம் அளவுக்குத் தேவையில்லாதவை அல்லது நியாயமில்லாதவை என்று சொல்லும் துணிச்சல் அதற்கு இருந்தது. ஆனால் அதிலிருந்து பொதுவிவாதத்தில் நிலைத்தது அரசியல் தலையீடு என்ற ஒரே நூல்தான். ஓய்வுபெற்ற அதிகாரி பிரகாஷ் சிங் 1996 இல் தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் ஏழு உத்தரவுகளைப் போட்டது. போலீஸ் புகார் ஆணையமும் அதில் உண்டுதான். ஆனால் அதிகம் பேசப்பட்டதோ டி.ஜி.பி.க்கு இரண்டு வருஷப் பதவிக்காலம், இடமாற்றத்தில் மந்திரி கை வைக்கக் கூடாது என்பவை. 'போலீஸ் சீர்திருத்தம்' என்ற சொல்லுக்கே அதிகாரிகளின் சுதந்திரம் என்று அர்த்தம் வந்துவிட்டது. டி.ஜி.பி. எத்தனை வருஷம் இருந்தாலும், ராத்திரி பத்து மணிக்குப் 'சும்மா ஒரு விசாரணை' என்று கூட்டிப் போகப்பட்டவனுக்கு அதனால் என்ன மாறும்? சீர்திருத்த எழுத்தில் இந்தக் கேள்விக்கு இடம் ரொம்பக் கம்மி.

பேலியும் ஆர்னால்டும்

சுதந்திர இந்தியாவின் போலீஸ் பற்றிய முதல் பெரிய கல்விப்புல நூல் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் டேவிட் பேலியின் 'தி போலீஸ் அண்ட் பொலிட்டிகல் டெவலப்மெண்ட் இன் இந்தியா' (1969) நூலைச் சொல்லலாம். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் ஜனநாயகம் வேர்பிடிக்குமா என்பது அன்றைய அமெரிக்க அரசியலறிவியலின் பெரிய கவலை. பேலி அதைப் போலீஸிடம் கொண்டுவந்தார். மக்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்து, போலீஸோடு அவர்களுக்கு என்ன மாதிரி உறவு இருக்கிறது என்று கேட்டார். அன்றைக்கு அது புதிது. கமிஷன் மொழியிலிருந்து ஆய்வு மொழிக்கு இந்தப் புலம் நகர்ந்தது இங்கேதான்.

ஆனால் அவர் கேள்வி அமைப்பைப் பற்றியது. போலீஸ் ஜனநாயகத்துக்கு உதவுமா, இடைஞ்சலா? இப்படிக் கேட்டால் போலீஸ் என்பது ஏற்கெனவே முடிந்து தயாரான ஒரு கருவி ஆகிவிடுகிறது. அந்தக் கருவி யாருக்காக, யார்மேல் செய்யப்பட்டது என்ற வரலாறு பின்னணிக்குப் போய்விடுகிறது.

அந்த இடத்தில்தான் டேவிட் ஆர்னால்டின் 'போலீஸ் பவர் அண்ட் கொலோனியல் ரூல்' (1986) வருகிறது. 1859 முதல் 1947 வரை சென்னை மாகாணப் போலீஸின் வரலாறு. தொழிலாளர் வேலைநிறுத்தம், கிராமப்புறக் கொள்ளை, காங்கிரஸ் போராட்டம், மாப்பிளா கிளர்ச்சியை ஒட்டி உருவான மலபார் ஸ்பெஷல் போலீஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். அவர் வாதம் தெளிவானது: சட்டம் ஒழுங்கு என்று சொல்லப்பட்டது பெருமளவுக்குச் சொத்தின் பாதுகாப்பும் ஆட்சியின் பாதுகாப்பும்தான். 1947 இல் கொடி மாறியது, போலீஸ் அப்படியே கைமாறியது. தமிழ்நாட்டுச் சமூக வரலாறு படிக்கிறவர்கள் தவிர்க்கவே கூடாத நூல் இது.

குறை என்னவென்றால், அவருக்குத் திறந்தது கோட்டைக் கோப்புகளின் கதவு. காவலர்களின் சம்பளம், ஆள்சேர்ப்பு பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார். ஆனாலும் அரசாணைகளும் ஆண்டறிக்கைகளும் மேலே இருக்கிறவர் மேலே இருக்கிறவருக்கு எழுதியவை. அதில் போலீஸ்காரன் ஒரு எண்ணிக்கை. பிடிபட்டவன் இன்னொரு எண்ணிக்கை.

இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது 2021 இல் வந்த ராதா குமாரின் 'போலீஸ் மேட்டர்ஸ்'. 1900 முதல் 1975 வரையான தமிழ்க் கிராமப்புறம். அவர் தேடிப் பிடித்தது, அதுவரை ஆய்வாளர்கள் தொடாத ஸ்டேஷன் அளவிலான பதிவேடுகளை. துப்பாக்கிச் சூடு, கலவரம் மாதிரி பெரிய சம்பவங்களில் மட்டும் அரசு வன்முறை இல்லை. சந்தையிலும் தெருவிலும் காவலர் யாரை உற்றுப் பார்த்தார், யார் பெயரை நோட்டில் ஏற்றினார் என்ற தினசரி வேலையிலும் அது இருந்தது என்று காட்டுகிறார். அந்தப் பார்வைக்கு அளவுகோல் சாதி. ஏற்கெனவே இருந்த சாதியைப் போலீஸ் பதிவு செய்ததோடு நிற்கவில்லை. பதிவு செய்து செய்தே பொதுவெளியில் சாதியை இறுக்கியது என்பது அவர் வாதம்.

இதற்குத் தமிழிலேயே ஒரு சாட்சி இருக்கு. 'கேடி' என்று திட்டுகிறோமே, அது 'அறியப்பட்ட கொள்ளையன்' என்று பொருள்படும் ஆங்கிலப் போலீஸ் தொடரின் முதலெழுத்துகளான கே.டி.தான். ஸ்டேஷன் ரிஜிஸ்டரிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்த சொல். 1871 இல் வந்து, 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறையான குற்றப் பரம்பரைச் சட்டம் இதையே மொத்தச் சமூகங்களுக்கும் செய்தது. 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு அந்த வரலாற்றின் ஒரு பக்கம். கொரவர்களைப் பற்றி மீனா ராதாகிருஷ்ணாவும் கள்ளர்களைப் பற்றி ஆனந்த் பாண்டியனும் எழுதியவற்றை ராதா குமாரோடு சேர்த்து வாசிக்கணும். தனித்தனித் துறை நூல்களாக இருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்.

அனுமதி கேட்காதவர்கள்

இந்த வரிசையில் வழக்கமாகச் சேர்க்கப்படாத ஒரு வகை எழுத்து உண்டு. 1979 இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கில் போலீஸ்காரர்களை உச்சநீதிமன்றம் விடுவித்திருந்தது. உடம்பில் காயம் இல்லை, அதனால் சம்மதம் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. ஸ்டேஷனுக்குள் நிறுத்தப்பட்ட ஒருத்தியின் அமைதிக்குச் சம்மதம் என்று பெயரா என்று அந்த நால்வரும் கேட்டார்கள். 1983 இல் சட்டம் திருத்தப்பட்டதற்குப் பின்னால் இந்தக் கடிதமும், அது கிளப்பிய பெண்கள் இயக்கமும் இருக்கு.

அவர்கள் கையில் இருந்தது தீர்ப்பின் பிரதி மட்டுமே. எந்த அதிகாரியிடமும் அனுமதி வாங்கவில்லை. ஆந்திரத்தில் 'என்கவுன்ட்டர்' கொலைகளைப் பற்றி ஊர் ஊராகப் போய் எழுதிய கே. பாலகோபால், பி.யு.சி.எல்., பி.யு.டி.ஆர். போன்ற அமைப்புகளின் உண்மையறியும் குழுக்கள், தமிழில் அ. மார்க்ஸ் போன்றவர்கள் எழுதிவந்த அறிக்கைகள், எல்லாமே இந்த வகைதான். முறையியல் அத்தியாயம் இல்லை என்பதற்காகப் பல்கலைக்கழகம் இவற்றை 'செயற்பாட்டு எழுத்து' என்று ஒதுக்கிவைக்கிறது. அவசரத்தில் எழுதியவை, சில நேரம் முடிவை முன்னமே எடுத்துக்கொண்டு போனவை என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் செத்தவரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டவர்கள் இவர்கள்தான். அந்தத் தகவலுக்கு வேறு மூலம் கிடையாது.

எண்களும் பரிசோதனைகளும்

2000க்குப் பிறகு பொருளாதார அறிஞர்கள் வந்தார்கள். ராஜஸ்தானில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோரும் ஐ.பி.எஸ். அதிகாரி நீனா சிங்கும் சேர்ந்து 11 மாவட்டங்களில் 162 ஸ்டேஷன்களில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். இடமாற்றத்தை நிறுத்திவைத்தல், வார விடுப்பு, பொதுமக்களில் ஒருவரை ஸ்டேஷனில் பார்வையாளராக உட்காரவைத்தல், பயிற்சி என்று பல வழிகள். பயிற்சி பலன் தந்தது. ஸ்டேஷன் மட்டத்தில் இருக்கிறவர்களின் ஒத்துழைப்பு தேவைப்பட்ட மற்றவை சரியாக நடைமுறைக்கே வரவில்லை. பல கமிஷன்களின் பரிந்துரைகள் ஏன் காகிதத்தில் நின்றன என்பதற்கு இதைவிட நேர்த்தியான விளக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்து மத்தியப் பிரதேசத்தில் 180 ஸ்டேஷன்களில் பெண்களுக்கான உதவி மேசை பற்றிய ஆய்வு, 2022 இல் வெளியானது. மேசை வைத்த இடங்களில் பெண்களின் புகார்கள் கூடுதலாகப் பதிவாயின. குறிப்பாகப் பெண் காவலர்கள் பொறுப்பில் இருந்த இடங்களில். 'புகாரை எடுத்துக்கவே மாட்டேங்கறாங்க' என்பதுதான் சாதாரண ஆட்களின் முதல் குறை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இருந்தாலும் இந்த ஆய்வுகள் எதை அளக்கின்றன என்று பாருங்க. புகார் கொடுக்க வந்தவரின் திருப்தி. பதிவான எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை. ஸ்டேஷனுக்குள் வருகிறவர்கள் இரண்டு வகை: தானாக வருகிறவர், இழுத்து வரப்படுகிறவர். முதல் ஆளைத்தான் இந்தப் பரிசோதனைகள் அளக்கின்றன. இரண்டாம் ஆள் அளவுகோலிலேயே இல்லை. ஆய்வாளர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல வரவில்லை. துறையின் ஒப்புதலோடு நடக்கும் ஆய்வில், துறை மேம்படுத்திக்கொள்ள விரும்பும் விஷயமே அளக்கப்படும். 'அடி குறைந்ததா?' என்று ஒரு பரிசோதனைக்கு எந்த மாநிலத் தலைமையகம் கையெழுத்துப் போடும்? போட்டால், அடி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே.

காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் 2018 முதல் வெளியிடும் 'இந்தியாவில் காவல்பணியின் நிலை' அறிக்கைகள் இந்தச் சுவரில் ஒரு ஓட்டை போட்டன. 2019 அறிக்கைக்காகப் போலீஸ்காரர்களிடமே கேட்டார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணிநேர வேலை என்று வந்தது. சின்னக் குற்றங்களுக்குக் கோர்ட்டு வரைக்கும் போகாமல் போலீஸே சின்னத் தண்டனை கொடுத்துவிடலாம் என்று 37 சதவீதம் பேர் சொன்னார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதுதான் சங்கடம். பாவப்பட்ட தொழிலாளியும், தண்டனை தரத் தனக்கு உரிமை உண்டென்று நம்புகிறவரும் ஒரே ஆள்.

காவலரைப் புரிந்துகொள்வதும் மன்னிப்பதும்

கடந்த பத்து ஆண்டுகளின் நல்ல வரவு, ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்த்து எழுதிய இனவரைவியல் நூல்கள். உத்தரப் பிரதேசத்தில் களப்பணி செய்த பியாட்ரிஸ் ஜாரெகியின் 'ப்ரொவிஷனல் அத்தாரிட்டி' (2016), போலீஸ் அதிகாரம் நாம் நினைப்பதுபோல உறுதியானது இல்லை என்கிறது. உள்ளூர்ப் பிரமுகர், மேலதிகாரி, மந்திரி என்று எல்லோரிடமும் பேரம் பேசிப் பேசித் தற்காலிகமாகக் கிடைப்பது அது. சரியான அவதானிப்பு. ஒரு ஏட்டு மேலே பார்த்தால் நடுங்குகிறார் என்பது நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதே ஏட்டு கீழே பார்க்கும்போது அந்த அதிகாரத்தில் தற்காலிகம் எதுவும் இல்லை. லாக்கப்பில் இருக்கிறவனுக்கு அது முழு அதிகாரம். யார் இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதிகாரத்தின் கனம் மாறுகிறது. ஆய்வாளருக்கு நாற்காலி போடப்பட்ட பக்கம் எது என்பதை வாசகர் மறக்கக் கூடாது.

சந்தனா கானிகர் (2018) டெல்லியில் ஒரு ஸ்டேஷனையும் அஸ்ஸாமில் ராணுவ நடவடிக்கைக்கு ஆளான ஒரு பகுதியையும் சேர்த்துப் பார்த்து இன்னும் கசப்பான கேள்வியைக் கேட்கிறார். அரசின் வன்முறையை நேரில் அனுபவித்தவர்களே ஏன் அந்த அரசை ஏற்றுக்கொள்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள நாம் அஸ்ஸாம் போக வேண்டாம். 'தப்பி ஓடும்போது', 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கை உடைந்தவர்களின் மாவுக்கட்டுப் படம் வந்தால் நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் விழும் சிரிப்பை எண்ணிப் பார்த்தால் போதும். அந்தச் சிரிப்புக்கு யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஜினி லோகநீதாவின் 'ட்ரூத் மெஷின்ஸ்' (2020), உண்மை கண்டறியும் கருவி, மூளை வரைவு, 'நார்கோ' பரிசோதனை இவற்றைப் பற்றியது. அடிக்குப் பதில் அறிவியல் என்று விற்கப்பட்டவை இவை. செல்வி எதிர் கர்நாடகம் வழக்கில் 2010 இல் உச்சநீதிமன்றம், சம்மதமில்லாமல் இவற்றைச் செய்வது அரசமைப்புக்கு விரோதம் என்றது. அடியை நிறுத்துவதற்காக வந்த கருவி, அடியின் நிழலிலேயே வேலை செய்தது என்பதை லோகநீதா பொறுமையாக நிறுவுகிறார். 1855 அறிக்கையோடு நேரடியாகப் பேசக்கூடிய சமகால நூல் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தமிழில் என்ன இருக்கிறது?

ஆர்னால்டும் ராதா குமாரும் எழுதியது நம்ம ஊர் போலீஸைப் பற்றி, ஆனால் ஆங்கிலத்தில். தமிழில் லாக்கப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குச் சொன்ன முக்கியமான புத்தகம் ஒரு ஆய்வேடு இல்லை. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்'. 2015 இல் அது 'விசாரணை' படமானது. அந்தக் கதவு அவருக்குத் திறந்தது, ஆனால் ஆய்வாளராக இல்லை. 1855 இல் குழு முன்னால் வந்து நின்றவர்களின் வரிசையில் வைக்க வேண்டிய ஆவணம் அது. இலக்கியம் என்று தனியே எடுத்து வைத்துவிட்டால் சாட்சியத்தின் பாதி போய்விடும்.

இங்கே குற்றவியல், வரலாறு, சட்டம், சமூகவியல் படிக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போலீஸைத் தலைப்பாக எடுத்தால் முதலில் கமிஷனர் ஆபீஸுக்கு அனுமதிக் கடிதம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. பதில் வராவிட்டால் தலைப்பு 'பொதுமக்கள் - காவல்துறை நல்லுறவு' என்று மாறிவிடும். அனுமதி தேவைப்படாத ஆவணங்கள் எவ்வளவு இருக்கு! காவல் மரண வழக்குகளின் தீர்ப்புகள் பொது ஆவணங்கள். அவற்றுக்குள் அரசு மருத்துவமனைக் குறிப்பு, பிரேதப் பரிசோதனை, ரிமாண்ட் செய்த மாஜிஸ்ட்ரேட் என்ன கேட்டார், என்ன கேட்கவில்லை என்பதெல்லாம் சாட்சியமாகவே பதிவாகியிருக்கும். காவல் மரணங்களை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்திருத்தம் 2006 முதல் நடைமுறையில் இருக்கு. சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் 2020 ஜூனில் இறந்தபோது, அந்த ஸ்டேஷனுக்குள் நடந்ததை வெளியே கொண்டுவந்ததில் மாஜிஸ்ட்ரேட் ஒருவரின் அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே மாவட்டத்தின் இருபது வருஷத் தீர்ப்புகளை எடுத்து, கைதான நேரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரம், ரிமாண்ட் நேரம் என்று அட்டவணை போட்டாலே நல்ல ஆய்வேடு வரும். தமிழிலேயே எழுதலாம். அந்த அட்டவணையில் முதல் முறையாக இழுத்து வரப்பட்ட ஆள் அளவுகோலுக்குள் வருவார்.